வாசலில் கேட்ட பதிலும் திரையில் வந்த பதிலும்

பிரிட்டனில் 2015 மே 7 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு வெளியான கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை, கன்சர்வேட்டிவ் கட்சியும் லேபர் கட்சியும் ஏறத்தாழச் சமநிலையில் இருப்பதாகவே கூறின. அவற்றுள் சில தொலைபேசி வழியாகவும் பல இணையவழியாகவும் நடத்தப்பட்டவை. வாக்குகள் எண்ணப்பட்டபோதோ, கன்சர்வேட்டிவ் கட்சி ஆறரை சதவீதப் புள்ளிகள் முன்னால் இருந்தது. தேர்தல் முடிந்த பிறகு, பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வுக் குழுவினர் முகவரிப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஆள் இல்லாத வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று நேரிலேயே கேட்டார்கள். அதில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 41 சதவீதமும் லேபர் கட்சிக்கு 33 சதவீதமும் வந்தன. இரு கட்சிகளுக்கும் இடையிலான இடைவெளியைப் பொறுத்தவரை, கதவைத் தட்டிக் கேட்டவர்களே உண்மைக்கு மிக அருகில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டே கதை தலைகீழானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா விலகுவதா என்ற பொதுவாக்கெடுப்பை ஒட்டி 2016இன் முதல் மாதங்களில் நடந்த கணிப்புகளில், தொலைபேசியில் மனிதக் குரல் கேட்ட கேள்விக்கு "நீடிப்போம்" என்ற தரப்பு தெளிவான முன்னிலையில் இருந்தது. இணையத்தில் கேட்டபோது இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அந்த மார்ச் மாதத்தில் இரண்டு வகைக் கணிப்புகளையும் நுணுக்கமாக ஒப்பிட்ட இரு ஆய்வாளர்கள், உண்மை தொலைபேசியின் பக்கமே நெருங்கியிருக்கும் என்று கருதினார்கள். 2016 ஜூன் 23 அன்று விலகல் தரப்பு 51.9 சதவீத வாக்குகளுடன் வென்றது. இம்முறை திரையே அருகில் இருந்தது.

"நேரில் போய்க் கேட்டால்தான் உண்மை வரும்" என்பவர்களும், "முகம் தெரியாத இடத்தில்தான் மனம் திறப்பார்கள்" என்பவர்களும் தத்தம் தரப்புக்குச் சாதகமான ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் ஓர் ஆய்வை நடத்தவேண்டிய பொறுப்பில் இருப்பவருக்கு, அவர் முனைவர் பட்ட மாணவரோ தொண்டு நிறுவனத்தின் திட்ட அலுவலரோ நகராட்சி அதிகாரியோ, அந்த வசதி கிடையாது. நேரில் போய்க் கேட்பது, இணையத்தில் கேட்பது என அவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வழக்கமாக அவர் முதலில் கேட்பது செலவைப் பற்றியும் காலத்தைப் பற்றியும்தான். இணையவழியே மலிவானது, விரைவானது என்பதில் ஐயமில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு இரண்டு: பதில் சொல்ல வந்தவர் யார்? அவர் யார் முன்னிலையில் பதில் சொன்னார்? இரண்டு வழிகளும் வெவ்வேறு விடைகளைத் தருவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேர்வு தவறாகிறது.

வந்தவர் யார்

முதல் காரணத்தை விளக்க 2015க்கே திரும்பலாம். அந்தத் தோல்வியை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, மக்கள் பொய் சொன்னதோ கடைசி நேரத்தில் மனம் மாறியதோ முதன்மைக் காரணம் அல்ல, கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்களின் மாதிரிக் குழுவே ஒட்டுமொத்த வாக்காளர்களைப் பிரதிபலிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. இதற்கு வலுச்சேர்க்கும் ஒரு விவரம் அதே ஆண்டில் நேர்முகமாக நடத்தப்பட்ட பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் கிடைத்தது. கணக்கெடுப்பாளர் முதல் முறை சென்றபோதே வீட்டில் இருந்து பதில் சொன்னவர்களிடையே லேபர் கட்சி 6 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. மூன்று முதல் ஆறு முறை நடந்த பிறகே பிடிபட்டவர்களிடையே கன்சர்வேட்டிவ் கட்சி 11 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. எளிதில் கிடைக்கும் ஆளும் எளிதில் கிடைக்காத ஆளும் ஒரே மாதிரி சிந்திப்பதில்லை. ஆகவே நேர்முக ஆய்வின் பலம் நேரில் பார்ப்பதில் மட்டும் இல்லை. ஆறாவது முறையும் அதே கதவுக்குத் திரும்பிச் செல்வதில் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ளும் நேர்முக ஆய்வு, இந்தப் பலத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறது. அதற்கு ஆகும் பயணச் செலவை மிச்சப்படுத்திவிட்டு இணையத்திலேயே கேட்டிருக்கலாம்.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 33 சதவீதத்தினரும் ஆண்களில் 57 சதவீதத்தினரும் மட்டுமே வாழ்வில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் என்று காட்டியது. அதற்குப் பிறகு இணையம் வெகுவாகப் பரவியிருக்கிறது; ஆனால் வீட்டில் ஒரே ஒரு திறன்பேசி இருந்தால் அது யார் சட்டைப்பையில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓர் இணையப் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிட்டு ஆயிரம் பதில்கள் வந்துவிட்டன என்று மகிழ்பவர், தம் நண்பர்களுடைய நண்பர்களின் கருத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார். அந்த ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கினாலும் அதன் சாய்வு குறையாது. தவறான விடையின் மேல் நம்பிக்கைதான் கூடும்.

எனினும் நேர்முக ஆய்வும் எல்லோரையும் எட்டிவிடுவதில்லை. சென்னையின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளியைத் தாண்டி உள்ளே போகக் கணக்கெடுப்பாளர் படும் பாடு சொல்லி மாளாது. இரவுப் பணி செய்யும் மென்பொருள் ஊழியர், ஆறு மாதம் கேரளத்தில் வேலை செய்துவிட்டு வரும் கட்டடத் தொழிலாளி, விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஆகிய மூவரும் பகல் பதினொரு மணிக்குத் தட்டப்படும் கதவின் பின்னால் இருப்பதில்லை. பொதுவாகச் சொன்னால், இணையவழி ஆய்வு ஏழைகளையும் முதியவர்களையும் பெண்களையும் தவறவிடுகிறது. நேர்முக ஆய்வு வசதி படைத்தவர்களையும் ஓரிடத்தில் நில்லாதவர்களையும் தவறவிடுகிறது. உங்கள் கேள்விக்கு இவர்களில் யார் இன்றியமையாதவர் என்பதே இங்கு முடிவு செய்யவேண்டியது.

இணையத்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. பதில் சொல்ல வந்தவர் உண்மையில் ஒரு மனிதர்தானா, கேள்வியைப் படித்தாரா என்பதே அங்கு உறுதியில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில், தாமாகப் பதிவு செய்துகொண்டவர்களிடம் எடுக்கப்பட்ட ஓர் இணையக் கணிப்பு, 30 வயதுக்குட்பட்டவர்களில் 20 சதவீதத்தினர் யூத இனப்படுகொலையைக் கட்டுக்கதை என்று கருதுவதாகக் காட்டிப் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. பியூ ஆய்வு மையம், அஞ்சல் முகவரிகளிலிருந்து சமவாய்ப்பு முறையில் சேர்க்கப்பட்ட தன் குழுவிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, அந்த வயதினரில் 3 சதவீதத்தினரே அப்படிச் சொன்னார்கள். தாமாகப் பதிவு செய்துகொள்ளும் கணிப்பு ஒன்றில் அதே மையம், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் வைத்திருக்கிறீர்களா என்று ஒரு பொறிக் கேள்வியையும் வைத்தது. 30 வயதுக்குட்பட்டவர்களில் 12 சதவீதத்தினர் ஆம் என்று பதிவு செய்திருந்தார்கள். அன்பளிப்புப் புள்ளிகளுக்காக எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று அழுத்திச் சென்றவர்கள் இவர்கள். கவனிக்கவேண்டியது என்னவென்றால், பியூ மையத்தின் குழுவும் இணையத்தில்தான் பதில் சொன்னது. ஆகவே குற்றம் திரையின் மேல் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுத்த முறையின் மேல்தான் இருக்கிறது. நேர்முக ஆய்விலும் இதற்கு இணையான ஒரு மோசடி உண்டு: கணக்கெடுப்பாளரே டீக்கடையில் உட்கார்ந்து பத்துப் படிவங்களை நிரப்பிவிடுவது. அதைக் கண்டுபிடிக்க மறுவிசாரிப்பு, இடக்குறிப்பு, ஒலிப்பதிவு என்று பழகிய வழிகள் இருக்கின்றன. இணையத்தில் ஏமாற்றுபவரைத் தேடிப்போக வீட்டு எண்ணே கிடையாது.

யார் முன்னிலையில்

இரண்டாவது காரணத்தை முதலாவதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். ஏனென்றால் இணையத்தில் வருபவரும் வாசலில் கிடைப்பவரும் வேறு வேறு ஆட்கள். இதைப் பிரிக்க ஒரே வழி, ஒரே குழுவை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதிப் பேரை ஒரு வழியிலும் மீதிப் பேரை மறு வழியிலும் கேட்பதுதான். பியூ மையம் 2014 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 3,003 பேரிடம் இதைச் செய்தது; ஒரு பாதிக்குத் தொலைபேசி, மறு பாதிக்கு இணையம், கேள்விகளோ ஒன்றே. 60 கேள்விகளின் சராசரி வேறுபாடு 5.5 சதவீதப் புள்ளிகள். பல கேள்விகளில் வேறுபாடே இல்லை, சிலவற்றில் மிகப் பெரிது. குடும்ப வாழ்க்கையில் மிகவும் மனநிறைவோடு இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னவர்கள் 62 சதவீதம். திரையில் சொன்னவர்கள் 44 சதவீதம். அரசியல் தலைவர்களை "மிகவும் வெறுக்கிறேன்" என்ற கடைசிக் கட்டத்தில் குறியிட்டவர்கள் இணையத்தில் அதிகம். சிறுபான்மையினர் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்று ஒப்புக்கொண்டவர்கள் தொலைபேசியில் அதிகம். உணவுக்கே பணம் போதாமல் போனதுண்டு என்று ஒப்புக்கொண்டவர்களோ திரையின் முன்னால்தான் கூடுதலாக இருந்தார்கள்.

இந்தச் சோதனை தொலைபேசியை வைத்து நடந்தது, வாசலை வைத்து அல்ல என்பது உண்மை. ஆனால் கேள்வி கேட்பது ஒரு மனிதர் என்பது இரண்டுக்கும் பொது. குரலுக்கே இவ்வளவு கூச்சம் என்றால், திண்ணையில் எதிரே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவர் முன்னால் எவ்வளவு கூச்சம் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டுக் கதையை அவிழ்க்கக் கூடாது, வந்தவரிடம் கடுஞ்சொல் கூடாது, இல்லாமையைச் சொல்லி இறங்கிப் போகக் கூடாது என்பவை நல்ல மனிதர்களின் பழக்கங்கள். அந்தப் பழக்கங்களே எண்களாக மாறி அட்டவணையில் ஏறிவிடுகின்றன. இப்படி வருவதை "ஊர் மெச்சும் பதில்" என்று சொல்லலாம். அதைப் பொய் என்று சொல்லிவிடுவது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.

இரண்டில் எது உண்மை என்பதைச் சில கேள்விகளிலாவது சரிபார்க்க முடியும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களிடம் அவர்களுடைய படிப்பைப் பற்றி மூன்று வழிகளில் கேட்டுவிட்டு, பல்கலைக்கழகப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. குறைந்த மதிப்பெண் வாங்கியது போன்ற சங்கடமான உண்மைகளை மனிதரிடம் தொலைபேசியில் சொன்னவர்களைவிட இணையத்தில் சொன்னவர்களே கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் முன்பு, 1995இல் அமெரிக்க ஆண் இளைஞர்களிடம் நடந்த தேசிய ஆய்வில், ஒரு பகுதியினருக்குத் தாளில் எழுதவேண்டிய படிவமும் மற்றவர்களுக்குக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேள்வியைக் கேட்டுக் கணினியில் தாமே பதிலை அழுத்தும் வசதியும் தரப்பட்டன. ஆண்களோடு பாலுறவு கொண்டதாக ஒப்புக்கொண்டவர்கள் தாளில் 1.5 சதவீதம், கணினியில் 5.5 சதவீதம். இந்த ஆய்வில் கணக்கெடுப்பாளர் அதே வீட்டில்தான் இருந்தார் என்பது முக்கியம். ஆள் வீட்டுக்கு வரலாம். பதில் அவர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாமல் இருந்தால் போதும்.

இதை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்து பொருத்தினால் ஓரிடத்தில் இடிக்கும். திரை என்றால் தனிமை என்று மேலே கண்ட ஆய்வுகள் எடுத்துக்கொள்கின்றன. இங்கே ஒரு கைப்பேசியைக் கணவர், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை மூவரும் பயன்படுத்துகிறார்கள். படிவத்தை அனுப்பியது துறைத்தலைவரோ மகளிர் குழுத் தலைவியோ என்றால், என் பதில் அவர் பார்வைக்குப் போகும் என்ற எண்ணம் பதிலளிப்பவர் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும். மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திவிடும். வாசலில் கேட்பதோ அதைவிடக் கூட்டம் கூட்டும் வேலை. மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் திருத்தம் சொல்வார், தெருவில் போகிறவர் "எந்தத் திட்டத்துக்குங்க எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடுவார்.

அந்தக் கடைசிக் கேள்வியைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிட முடியாது. கையில் பலகைக் கணினியோடு வருகிறவர் அரசாங்கத்து ஆள் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பாளர் போய் வருமானத்தைக் கேட்டாலும், வரும் பதிலில் அந்த எல்லையின் நிழல் விழாமல் இருக்காது. ஆகவே வருமானத்தை நேரடியாகக் கேட்பதைவிட, வீட்டின் கூரை, வண்டி, குளிர்பதனப் பெட்டி, சமையல் எரிபொருள் ஆகியவற்றைக் கேட்டும் பார்த்தும் குறிப்பது மேல். இந்த ஒன்றில் நேர்முக ஆய்வுக்கு ஈடே இல்லை. திரைக்குக் கண் கிடையாது.

தனிமை வேண்டிய கேள்விகளை நேரில் கேட்பது எப்படி என்பதற்கு நல்ல முன்மாதிரியாகத் தேசிய குடும்ப நல ஆய்வின் குடும்ப வன்முறைப் பகுதியைச் சொல்லலாம். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டுமே அந்தக் கேள்விகள் கேட்கப்படும். கேட்பவரும் பெண்ணாக இருப்பார். வேறு யாரும் அருகில் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கேட்கவேண்டும். தனிமை கிடைக்கவில்லை என்றால் கேட்காமலே விட்டுவிடவேண்டும். பதில் தவறாகிவிடும் என்பது மட்டும் அல்ல, பதில் சொன்னவளுக்கே ஆபத்தாகிவிடும் என்பதும் இதற்குக் காரணம். இணையத்தில் இந்த உறுதியைத் தர எந்த வழியும் இல்லை. பிறர் பார்வையில் படக்கூடிய கைப்பேசியில் இத்தகைய படிவத்தை அனுப்புவது சரியல்ல என்பதே என் கருத்து.

"பரவாயில்லைங்க" என்ற பதில்

மேலைநாட்டு ஆய்வு நூல்கள் அதிகம் தொடாத ஒரு வேறுபாடு தமிழில் இருக்கிறது. இணையப் படிவம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. வாசலில் நடப்பது பேச்சுத் தமிழில். "உங்கள் பகுதியில் வழங்கப்படும் குடிநீரின் தரம் குறித்துத் தாங்கள் எந்த அளவிற்கு நிறைவடைந்துள்ளீர்கள்?" என்று படிவத்தில் இருப்பதைக் கணக்கெடுப்பாளர் அப்படியே படித்தால் எதிரே இருப்பவர் விழிப்பார், எனவே "தண்ணி நல்லா வருதாம்மா?" என்று மாற்றிக் கேட்பார். இரண்டும் ஒரே கேள்வி அல்ல. முதலாவது தரத்தைக் கேட்கிறது. இரண்டாவது தண்ணீர் வருகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. போதாததற்கு "நல்லா" என்ற சொல் பதிலை ஒரு பக்கமாகச் சாய்த்தும் விடுகிறது. நான்கு கணக்கெடுப்பாளர்கள் நான்கு மாவட்டங்களில் நான்கு விதமாக மாற்றினால், மாவட்ட வேறுபாடு என்று அறிக்கையில் அச்சாவது உண்மையில் கணக்கெடுப்பாளர்களின் வேறுபாடாக இருக்கக்கூடும். இணையத்தில் இந்தத் தொல்லை இல்லை; எல்லோருக்கும் ஒரே வாக்கியம். ஆனால் அந்த வாக்கியம் பலருக்குப் புரியாத வாக்கியம்.

பதிலின் பக்கத்திலும் இதே கதைதான். வாசலில் வரும் பதில் "பரவாயில்லைங்க", "ஏதோ ஓடுது", "குறை சொல்ல முடியாது" என்ற வடிவில் வருகிறது. ஐந்து கட்டங்கள் கொண்ட அளவுகோலில் "பரவாயில்லை" எங்கே விழும்? நடுவிலா, நிறைவு என்ற பக்கத்திலா? இழுத்துச் சொன்னால் நிறைவின்மை, சட்டென்று சொன்னால் நிறைவு என்று அனுபவமுள்ள கணக்கெடுப்பாளர் தொனியை வைத்து முடிவு செய்கிறார். அது திறமைதான், ஆனால் எழுதப்பட்ட குறி பதிலளிப்பவருடையது அல்ல, கணக்கெடுப்பாளருடையது. திரையில் அதே மனிதர் தாமே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். "ஓரளவு நிறைவில்லை" என்பதை வாயால் சொல்ல மனம் வராதவர்கூட விரலால் அழுத்திவிடுவார். இந்த ஒரு சொல்லாலேயே, அரசுச் சேவைகளைப் பற்றிய நேர்முக ஆய்வுகளில் நிறைவு கூடுதலாகத் தெரிய இடமுண்டு என்று நினைக்கிறேன். இதற்குச் செய்யக்கூடியது எளிது: பேச்சுத் தமிழிலேயே கேள்வியை எழுதி, வட்டாரத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்து, அந்தச் சொற்களிலிருந்து விலகக்கூடாது என்று பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்லிவிடுவதும், "பரவாயில்லை" என்று வந்தால் திரும்பக் கேட்கவேண்டிய துணைக்கேள்வியையும் படிவத்திலேயே அச்சிட்டுவிடுவதும்.

காதால் கேட்பவர் கடைசியாகக் கேட்ட விருப்பத்தையும், கண்ணால் படிப்பவர் முதலில் கண்ட விருப்பத்தையும் தேர்ந்தெடுக்கச் சற்றே சாய்வார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டுவது இணையத்தில் ஒரு சொடுக்கில் முடியும். நேரில் செல்பவர் விருப்பங்கள் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுக்கலாம். எழுத்தறியாதவருக்கு அதுவும் உதவாது.

கலந்து செய்வது

"இரண்டையும் கலந்து செய்துவிடலாமே" என்ற யோசனை இந்த இடத்தில் இயல்பாக எழும். கலப்பதில் நல்ல வகையும் கெட்ட வகையும் உண்டு. ஆள் நேரில் போய், பதிலை மட்டும் மறைவாக வாங்குவது நல்ல வகை. தேர்தல் ஆய்வுகளில் லோக்நிதி அமைப்பினர் வாக்காளர் பட்டியலிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குப் போய்ப் பேட்டி கண்டாலும், யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். மாதிரியின் நேர்மை வாசலிலிருந்து வருகிறது, பதிலின் நேர்மை பெட்டியிலிருந்து வருகிறது. ஒலியோடு கூடிய பலகைக் கணினி இதே வேலையை எழுத்தறியாதவருக்கும் செய்யும். நாணயத்தைச் சுண்டிவிட்டு, தலை விழுந்தால் ஒரு கேள்விக்கும் பூ விழுந்தால் மறு கேள்விக்கும், எந்தக் கேள்விக்கான பதில் என்று கேட்பவருக்குத் தெரியாதபடி பதில் சொல்லவைக்கும் உத்திகள் 1965 முதலே இருக்கின்றன. கணக்கு அழகானது, ஆனால் விளையாட்டை விளக்குவதற்குள் எதிரே இருப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வியை அமைக்கும் விதத்திலும் கூச்சத்தைக் கொஞ்சம் தாண்ட முடியும். 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு, 42,000க்கும் மேற்பட்ட வீடுகளில் நேரில் சென்று, உங்கள் வீட்டில் யாரேனும் தீண்டாமை கடைப்பிடிப்பதுண்டா என்று கேட்டது. இல்லை என்று சொன்னவர்களை அத்தோடு விட்டுவிடாமல், தாழ்த்தப்பட்ட சாதியினர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ அது உங்களுக்குப் பரவாயில்லையா என்றும் கேட்டது. இரண்டையும் சேர்த்து 27 சதவீத வீடுகள் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. நேரில் கேட்டும் இவ்வளவு என்றால், இதைக் கீழ் எல்லையாகக் கொள்வதே பொருத்தம்.

காலத்தோடு ஒப்பிடவேண்டிய ஆய்வின் நடுவில் வழியை மாற்றுவதுதான் கெட்ட வகை. அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வு 1972 முதல் பெரும்பாலும் நேரிலேயே நடந்துவந்தது. கொரோனா காரணமாக 2021 சுற்று இணையத்துக்கு மாறியது. "மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்றவர்கள் 2018இல் ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்தது 2021இல் 19 சதவீதமானது. நோய்த்தொற்றின் துயரம் எவ்வளவு, கேட்க ஆள் இல்லாததால் புன்னகைக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இனி கடினம். வேலையின்மை போன்ற எண்களில் இந்தச் சிக்கல் நேரே கொள்கையைத் தொடுகிறது. பிரிட்டனின் தொழிலாளர் ஆய்வு, நோய்த்தொற்றுக் காலத்தில் நேர்முகப் பேட்டியைக் கைவிட்டுத் தொலைபேசிக்கு மாறியது. பதிலளிப்பு விகிதம் தேய்ந்துகொண்டே வந்து 2023இல் 17.3 சதவீதத்துக்கு இறங்கியபோது, அந்த ஆய்வின் அடிப்படையிலான எண்களை வெளியிடுவதையே அக்டோபரில் நிறுத்திவைக்க நேர்ந்தது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அமெரிக்கத் தேர்தல் ஆய்வு 2012இல் செய்ததுபோல் இரண்டு வழிகளையும் ஒரு சுற்றேனும் இணையாக நடத்தி, இடைவெளியை அளந்த பிறகே பழையதை விடவேண்டும்.

எதற்கு எது

ஓர் ஊராட்சியில் குடிநீர், கழிப்பறை, வீட்டு வசதி ஆகியவற்றின் நிலையை எண்ணால் அறியவேண்டும் என்றால் நேரில்தான் போகவேண்டும்; இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கேள்விகளில் கூச்சம் குறைவு, ஆனால் ஒருவரைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. தவறிப்போவது பெரும்பாலும் தண்ணீர் வராத தெருவாகத்தான் இருக்கும். ஒரு கல்லூரியில் மாணவிகளுக்கு நேரும் பாலியல் தொல்லைகளைப் பற்றி அறிய இணையவழியே சரி. பெயர்ப்பட்டியல் முழுவதும் கையில் இருப்பதால் யார் வந்தார் என்ற பிரச்சினை சுருங்கிவிடுகிறது. யார் முன்னிலையில் என்பதே அங்கு பெரிது. ஆனால் மின்னஞ்சல் முகவரியைக் கேட்காத, பேராசிரியர் அனுப்பாத, கல்லூரிக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு நடத்தும் படிவமாக அது இருக்கவேண்டும். சாதி மனப்பான்மையை அளக்க விரும்பும் ஆய்வு மாணவருக்கு இரண்டுமே தனித்துப் போதாது: இணையத்தில் அவருக்குக் கிடைப்பவர்கள் நகரத்துப் படித்தவர்கள், வாசலில் அவருக்குக் கிடைப்பது ஊர் மெச்சும் பதில். அவர் குறைந்த எண்ணிக்கையில், முந்நூறு வீடுகளே ஆனாலும், நேரில் சென்று பதிலைப் பெட்டியிலோ ஒலிக்கணினியிலோ வாங்குவது, மூவாயிரம் வாட்ஸ்அப் பதில்களைவிடப் பயன்தரும். போகிறவரின் சாதியையும் எதிரே இருப்பவர் ஊகிக்க முயல்வார் என்பதை அவர் மறந்துவிடக் கூடாது. பெயரும் ஊரும் கேட்கப்படும்.

வழி எதுவானாலும் தரவுக் கோப்பில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துவைப்பது நல்லது: இந்தப் பதில் எந்த வழியில் வந்தது, பதில் சொன்னபோது அருகில் யார் இருந்தார்கள். 2027 மார்ச் 1ஐக் கணக்குக்கு அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கும் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், குடும்பங்கள் தாமே இணையத்தில் விவரங்களைப் பதிவு செய்யவும் கணக்கெடுப்பாளர் வந்து கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யவும் வழி இருக்கிறது, சாதியும் கேட்கப்படவிருக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டார் தம் சாதிப் பெயரைத் தாமே தட்டச்சு செய்வார்கள். அடுத்த வீட்டார் வாயால் சொல்ல, வந்தவர் பதிவு செய்வார். இரண்டு வீடுகளும் தங்களை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டனவா என்று பின்னாளில் பார்க்க விரும்புகிறவருக்கு, எந்த வரி எந்த வழியில் வந்தது என்ற அந்த ஒரு நெடுவரிசை கட்டாயம் தேவைப்படும்.